எடைக்குப் போடாதீங்க, ஏத்தி வைங்க

ஒரு ஸ்டாண்டு விளக்கை எடைக்குப் போட்டுட்டாங்க.

பித்தளைத் தண்டு. அடியில கனமான வார்ப்பிரும்பு. தலைப்பக்கம் அலுமினியத் தொப்பி, எந்தப் பக்கமும் திருப்புற மாதிரி ஒரு மூட்டு. தெரிஞ்சவங்க வீட்டுப் பெரியவர், மில்லு உத்தியோகத்துல இருந்தவரு, 1960கள்ல வாங்குனது. சாயங்காலம் ஈஸி சேரைப் போட்டு, விளக்கைத் தோளுக்குப் பின்னாடி இழுத்து வச்சுக்கிட்டு பேப்பர் படிப்பாரு. சின்னப் பிள்ளையில நானே பாத்திருக்கேன்.

வீட்டை இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டுறாங்க. சரி, அவங்க வீடு, அவங்க இஷ்டம். ஆனா அந்த விளக்கைப் பித்தளை தனியா, இரும்பு தனியாப் பிரிச்சு காயலாங்கடையில போட்டிருக்காங்க. பித்தளை அப்ப கிலோ 500 ரூபாய்க்குப் பக்கத்துல போச்சாம். ரெண்டு கிலோ தேறியிருக்கும்.

அதோட விட்டாங்களா? புது வீட்டு ஹாலுக்குன்னு ஆன்லைன்ல 'விண்டேஜ் லாம்ப்' ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. போன மாசம் செஞ்சது. துருப்பிடிச்ச மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்கு. தட்டிப் பாத்தா தகரம். வெலை, எடைக்குப் போட்ட காசைப் போல பல மடங்கு.

எனக்கு இன்னும் ஆறல. அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் சேக்குறது இந்த மாதிரி விளக்குகளைத்தான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதுல இருந்து 1970 வரைக்கும் வந்த மேசை விளக்கு, ஸ்டாண்டு விளக்கு. வெளிநாட்டுல 'மிட் செஞ்சுரி மாடர்ன்'னு சொல்லுவாங்க. (இந்தப் பேரு பரவுனதே 1984-ல காரா கிரீன்பெர்க் அந்தத் தலைப்புல ஒரு புத்தகம் போட்டதுக்கு அப்புறம்தான். அந்த விளக்குகளைச் செஞ்சவங்களுக்குத் தாங்க செய்யுறதுக்கு இப்பிடி ஒரு பேரு வரும்னே தெரியாது.)

பூ வேலைப்பாடு கிடையாது, தொங்கட்டான் கிடையாது. தண்டு, மூட்டு, தொப்பி, அம்புட்டுதான். வெளிச்சம் எங்க வேணுமோ அங்க மட்டும் விழும். ஒவ்வொரு பாகமும் எதுக்கு இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். எனக்கு இதுல முக்கியமாப் படுறது இன்னொண்ணு. எல்லாத்தையும் ஸ்க்ரூவைக் கழட்டி, பிரிச்சு, திரும்ப மாட்டலாம். ஒட்டு வச்சு மூடிப்போட்டது எதுவும் கிடையாது.

'இதெல்லாம் மதுரையில எங்கக்கா கெடைக்குது?'ன்னு கேப்பாங்க.

காரைக்குடி!

மதுரையில இருந்து மேலூர், திருப்பத்தூர் வழியா ரெண்டு மணி நேரம். முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனா ரெண்டு பக்கமும் பழைய சாமான் கடைங்க. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து எறங்குனது பூராம் அங்கதான் வரும். பர்மாவுலயும் மலேயாவுலயும் லேவாதேவி பண்ணுன நகரத்தார் கப்பல் கப்பலாக் கொண்டுவந்து கட்டுன வீடுங்க. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டுச்சு. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்காளிங்க ஏகப்பட்ட பேரு, ஆளுக்கொரு ஊரு. வீடு பூட்டியே கெடக்கும். ஒரு நாள் எல்லாரும் ஒத்துக்கிட்டா தூணு, கதவு, பீங்கான், எனாமல் சட்டி எல்லாம் தெருவுக்கு வந்துரும்.

அங்க வர்றவங்க தேடுறது கதவு, ரவி வர்மா படம், எனாமல் தூக்குவாளி, தேக்குப் பெட்டி. எல்லாத்துக்கும் கடைக்காரங்க வெலை வச்சிருக்காங்க. ஆனா ஒயர் தொங்குற சாமானை யாரும் பழசுன்னு மதிக்கிறதில்ல. கரண்டு வர்றதுக்கு முந்தி இருந்தாத்தான் பழசுன்னு ஒரு நெனைப்பு. அதனால லாந்தர் விளக்குக்கு ஒரு வெலை சொல்லுவாங்க, பக்கத்துலயே கெடக்குற 1950கள் மேசை விளக்குக்கு 'நீயே ஒரு வெலை சொல்லு'ம்பாங்க. சிங்கப்பூர்ல இருந்தும் பினாங்குல இருந்தும் வந்த சாமான் எத்தனையோ அப்பிடி ஓரத்துல புழுதியில கெடக்கு.

போன தடவை ஒரு கடையில கட்டிலுக்கு அடியில கை விட்டு ஒண்ணை இழுத்தேன். கடைக்காரப் பெரியவரு நிமிந்துகூடப் பாக்கல.

"அது கரண்டு சாமான் தாயி. எரியுமான்னு தெரியாது. வேணும்னா எடுத்துக்க."

துடைச்சுப் பாத்தேன். சதுர அடித்தளம், ரெண்டு படி வச்சது. மேல கறுப்புப் பெயிண்ட். ஒண்ணை ஒண்ணு தாங்குற ரெண்டு கை. கீழ மூணு ஸ்பிரிங் இருக்கணும், ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவதுக்குப் பதிலா யாரோ சணல் கயித்தை இறுக்கிக் கட்டி வச்சிருந்தாங்க. எச்சி தொட்டுப் பாத்தேன், எழுத்து தெரிஞ்சது. ஹெர்பர்ட் டெர்ரி, ரெட்டிச்.

ஆங்கிள்பாய்ஸ்!

இந்த விளக்கோட கதையைச் சொல்லாம என்னால அடுத்த வரிக்குப் போக முடியாது, பொறுத்துக்கோங்க. ஜார்ஜ் கார்வர்டைன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். பாத் நகரத்துல காருக்கு சஸ்பென்ஷன் பண்ணுற இன்ஜினியர். எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுத்த இடத்துல அப்பிடியே நிக்கிற மாதிரி ஸ்பிரிங்கை அமைக்க முடியுமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தவரு, 1932-ல அதை ஒரு விளக்குல பொருத்தி காப்புரிமைக்கு எழுதிப் போட்டாரு. மனுசக் கை எப்பிடி எலும்பும் தசையுமா அந்தரத்துல நிக்குதோ அதே கணக்கு. ஸ்பிரிங் செய்யுற ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனி அதை எடுத்துச் செஞ்சுச்சு. மொதல்ல வந்தது நாலு ஸ்பிரிங் மாடல், 1208. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஏத்த மாதிரி மூணு ஸ்பிரிங்ல 1227-ன்னு 1935-ல இன்னொண்ணு வந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல அதே அச்சுல வந்துக்கிட்டே இருந்துச்சு. நார்வேயில ஜாக் ஜேக்கப்சன் உரிமை வாங்கி 1937-ல 'லக்சோ'ன்னு ஒண்ணு விட்டாரு. பிக்சார் படம் ஆரம்பிக்கும்போது துள்ளித் துள்ளி வர்ற குட்டி விளக்கு இருக்கே, அது அந்த வம்சந்தான்.

நம்ம ஊர்ல இந்த ஸ்பிரிங் விளக்கு (கம்பெனி எதுவானாலும்) யாரு வீட்டுல இருந்துச்சு தெரியுமா? டிராயிங் போடுறவங்க, டாக்டருங்க, வாட்ச் ரிப்பேர் பண்ணுறவங்க. வேலை செய்யுற மனுசங்களோட விளக்கு. பணக்கார வீட்டு அலங்காரச் சாமான் இல்ல. அதனாலதான் எனக்கு இது மேல இம்புட்டுப் பிரியம்.

பஸ்ல கொண்டு வர்றதுதான் கூத்து. கம்பிக் கை ரெண்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். மடக்குனா ஸ்பிரிங் இல்லாத பக்கம் சரியும். கண்டக்டர் மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதுக்கு அரை டிக்கெட்டாக்கா, முழு டிக்கெட்டா?"ன்னாரு. பக்கத்து சீட்டு ஆச்சி அதைத் தன் மடியில வாங்கி வச்சுக்கிட்டாங்க. "எங்க அப்பச்சி மேசையில இருந்துச்சு. கணக்கு எழுதும்போது பிள்ளைங்க யாரும் தொடக் கூடாது"ன்னு மேலூர் வரைக்கும் அதைத் தடவிக்கிட்டே வந்தாங்க.

இப்ப அந்த மூணாவது ஸ்பிரிங்.

வண்டி சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டிப் பாத்தேன். விளக்கு விசுக்குன்னு மேல போயி அங்கேயே நின்னுருச்சு, கீழ இழுத்தா வர மாட்டேங்குது. வலைக்கதவுல போடுற ஸ்பிரிங்கை மாட்டினேன். பொத்துன்னு தலை சாஞ்சுருச்சு. கடைசியா கீழவாசல் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசல. இருந்த ஸ்பிரிங்கைக் கழட்டி, கம்பி கனத்தை அளந்து, சுத்தை எண்ணி, ரெண்டு கையாலயும் லேசா இழுத்து விட்டுப் பாத்தாரு.

"யக்கா, இது சும்மா சுருட்டுனது இல்ல. சுருட்டும்போதே இறுக்கம் ஏத்தியிருக்கான். சும்மா இருக்கும்போதும் ஒண்ணை ஒண்ணு புடிச்சு இழுத்துக்கிட்டேதான் இருக்கும்."

அதேதாங்க! கார்வர்டைன் விளக்கோட சூட்சுமமே அதுதான். சுருள் சும்மா மூடியிருக்கும்போதே உள்ள ஒரு விசை இருக்கணும். அப்பத்தான் கையை எந்தக் கோணத்துல வச்சாலும் எடையும் இழுப்பும் சரிக்குச் சரியா நிக்கும். அந்தத் தம்பி எந்தப் புத்தகத்துலயும் இதைப் படிச்சதில்ல. விரலுக்குத் தெரிஞ்சிருக்கு. ஸ்பிரிங் கம்பியை லேத்துல மாட்டி, இழுத்துப் புடிச்சு, ஒரு முறுக்கு குடுத்துக்கிட்டே சுத்துனாரு. மொதல்ல சுத்துனது கொஞ்சம் தளர்வு. அடுத்தது மாட்டினதும் விளக்கை ஒரு விரலால தள்ளினேன். நின்ன எடத்துல நின்னுச்சு. பட்டறையில இருந்த எல்லாரும் வந்து ஒரு தள்ளு தள்ளிப் பாத்துட்டுப் போனாங்க.

மதுரையில விளக்கு சேக்குறதுல இருக்கிற பெரிய பாக்கியமே இதுதான். லண்டன்லயோ நியூயார்க்லயோ இருக்கிற ஆளு இதுக்கு உதிரிபாகம் தேடி ஆர்டர் போட்டுட்டு உக்காந்திருக்கணும். இங்க லேத்து இருக்கு, கடைசல் பட்டறை இருக்கு, பாலிஷ் போடுறவரு இருக்காரு, பித்தளை பத்தவைக்கிறவரு இருக்காரு. எல்லாரும் ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள.

ஒயர் விசயத்துல மட்டும் நான் ரொம்பக் கறார். பழைய விளக்குல நூல் சுத்துன முறுக்கு ஒயர் இருக்கும், பாக்க அம்புட்டு அழகா இருக்கும். உள்ள இருக்கிற ரப்பர் காஞ்சு, தொட்டா மொறுமொறுன்னு உதிரும். அதுல கரண்டு விடவே விடாதீங்க. எரியுதான்னு ஒரே ஒரு தடவை பாக்குறேன்னும் வேணாம். அதுலயும் அந்தக் காலத்துல முக்காவாசி விளக்கு ரெண்டு ஒயர்தான், எர்த்து கிடையாது. உடம்பு பூராம் உலோகம். அதனால மூணு கோர் ஒயர், மூணு பின் டாப், எர்த்து ஒயரை விளக்கு உடம்புல ஸ்க்ரூ போட்டு இறுக்கிறணும். பழைய ஒயர் நுனியில புது ஒயரைக் கட்டி பைய இழுத்தீங்கன்னா, தண்டுக்குள்ள தானா ஏறி வந்துரும். பழைய ஹோல்டர் பித்தளையில அழகா இருக்குன்னா எடுத்துப் பத்திரமா வைங்க, எரிக்கிறதுக்குப் புதுசு போடுங்க.

இன்னொண்ணு, புளி போட்டுத் தேய்க்காதீங்க! நம்ம வீட்டுல பித்தளையைப் பாத்தா கை தானாப் புளிக்குப் போயிரும். குத்துவிளக்குக்கு அது சரி. இந்த விளக்குங்க மேல பெரும்பாலும் மெல்லிசா ஒரு லாக்கர் பூச்சு இருக்கும். புளி அதைத் திட்டுத்திட்டா எடுத்துரும், மூட்டுக்குள்ள எறங்கி பச்சை பூக்கும். காஞ்ச துணி போதும். பெயிண்ட் அடிச்சதுன்னா கொஞ்சம் சோப்புத் தண்ணி. பெயிண்ட் பேந்திருக்கேன்னு திரும்ப அடிக்கிறது இருக்கே, அது வேணவே வேணாம். அந்தக் கீறல் அம்புட்டும் அது வேலை செஞ்சதுக்கு அடையாளம்.

தொப்பி இல்லாத விளக்குதான் அதிகமாக் கெடைக்கும். தண்டு இருக்கும், துணி மூடி செல்லரிச்சுப் போயிருக்கும். இதுக்கு நான் பண்ணிப் பாக்காதது இல்ல.

கம்பிக்கூடு செய்ய கிளிக்கூடு பண்ணுற ஒருத்தரைப் புடிச்சேன். (அவருக்கு என் விளக்கு மேல பெரிய மரியாதை கிடையாது. 'கதவு வேணாமா?'ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு.) கூட்டு மேல மொதல்ல சுங்குடி. நம்ம ஊரு சௌராஷ்டிரக் குடும்பங்கள்ல கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துன நெசச் சுங்குடி, 2005-ல புவிசார் குறியீடு வாங்குனது. பின்னாடி விளக்கு எரியும்போது ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா மினுங்கும். பிரிண்ட் போட்ட துணியில இது வரவே வராது. முடிச்சுல சாயம் ஏறாம நின்ன எடம் ஓரத்துல லேசாக் கசிஞ்சிருக்கும், அந்தக் கசிவுலதான் வெளிச்சம் அழகா நிக்கும். ஆனா அடர் செவப்புச் சுங்குடி போட்டா ரூம்ல இருக்கிற எல்லாரு மூஞ்சியும் செவந்துரும். கோவத்துல உக்காந்திருக்கிற குடும்பம் மாதிரி தெரியும். வெளிர் மஞ்சள் எடுங்க.

அப்புறம் பனை ஓலை. பின்னும்போது இடைவெளி இல்லாம இருந்துச்சு, காய காயச் சுருங்கி கோடு கோடா வெளிச்சம் சுவத்துல விழுந்துச்சு. நான் நெனைச்சதைவிட நல்லாவே இருந்துச்சு. அதுவே என் படுக்கை பக்கத்துல இருக்கு.

கடைசியில எதோடயும் ஒத்துப்போறது வெளுக்காத காடாத் துணிதான். வெறைப்பா நிக்க கஞ்சி போடணும். கஞ்சிக்குக் கரப்பான் வரும். அதுக்கும் நம்ம ஊர்லயே வழி இருக்கு. புத்தக பைண்டிங் பண்ணுறவங்க பசையில துளி மயில்துத்தம் கலப்பாங்க, பூச்சி கிட்ட வராது. அதையே கஞ்சியில கலந்தேன். (விஷம், கையில கவர் மாட்டிக்கோங்க, பிள்ளைங்க இருக்கிற எடத்துல வைக்காதீங்க.)

இந்த ஓலையும் துணியும் இப்ப சாத்தியமாகுறதுக்குக் காரணம் எல்இடி. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு, கரண்டுல பெரும்பகுதியைச் சூடாத்தான் மாத்தும். பக்கத்துல ஓலையை வச்சுட்டு நிம்மதியாத் தூங்க முடியாது. இப்ப அதே வெளிச்சத்துக்கு 7, 9 வாட்ஸ் போதும். ஜப்பான் வம்சாவளிச் சிற்பி இசாமு நொகுச்சி 1951-ல கிஃபு ஊருக்குப் போயி, அங்க மூங்கிலும் காகிதமுமா லாந்தர் செய்யுறவங்களோட உக்காந்து 'அகாரி' விளக்குகளைப் பண்ணுனாரு. இன்னிக்கும் அது வித்துக்கிட்டிருக்கு. நம்மகிட்ட பனை இருக்கு, பத்தமடைக் கோரை இருக்கு, சுங்குடி இருக்கு. ஒரு நொகுச்சி வந்து சொல்லித்தான் ஆரம்பிக்கணுமா?

பல்பு வாங்கப் போனா அடுத்த சண்டை. டவுன் ஹால் ரோட்டுல கேட்டா எடுத்த எடுப்புல வெள்ளை பல்பைத்தான் நீட்டுவாங்க. 'மஞ்ச லைட்டு யாருக்கா கேக்குறா'ம்பாங்க. டப்பாவுல 6500 கெல்வின்னு போட்டிருந்தா அது ஆபரேஷன் தியேட்டர் வெள்ளை. 2700-ன்னு போட்டதைக் கேட்டு வாங்குங்க. அதுதான் பழைய குண்டு பல்பு நெறம். பித்தளையும் தேக்கும் அந்த வெளிச்சத்துலதான் உசுரோட இருக்கும்.

டியூப் லைட்டு மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. கொறஞ்ச கரண்டுல ஒரு ரூம் பூராம் வெளிச்சம் குடுத்துச்சு, எத்தனையோ பிள்ளைங்க அதுக்கடியில படிச்சு மேல வந்திருக்காங்க. ஆனா அது சுவத்துல ஏறுன அன்னைக்கு மேசை விளக்கு பரணுக்குப் போயிருச்சு. சாப்பிடுறதுக்கும், படிக்கிறதுக்கும், பேசிக்கிட்டு இருக்கிறதுக்கும் ஒரே வெளிச்சம். இப்ப அதுவும் போயி, கூரை பூராம் ஓட்டை போட்டு லைட்டு பதிக்கிறாங்க. எல்லா எடத்துலயும் வெளிச்சம், உக்காந்து ஒரு புத்தகம் படிக்கத் தோதான எடம் மட்டும் இல்ல. தோள் உயரத்துல, பக்கத்துல, ஒருத்தருக்குன்னு எரியுற விளக்கு ஒண்ணை வச்சுப் பாருங்க. பெரிய லைட்டை அணைச்சுருங்க. வீட்டுல பேச்சுச் சத்தமே தணிஞ்சுரும்.

(மழைக்காலத்துல மட்டும் ஜன்னலைச் சாத்திருங்க. ஈசல் எல்லாம் உங்க மடிக்கே வந்துரும்.)

கூரையில ஓட்டை போடாம தலைக்கு மேல வெளிச்சம் வேணும்னு இத்தாலியில அக்கில்லே காஸ்டிக்லியோனியும் அண்ணன் பியர் ஜாகோமோவும் 1962-ல 'ஆர்கோ'ன்னு ஒரு ஸ்டாண்டு விளக்கு பண்ணுனாங்க. பெரிய எவர்சில்வர் வளைவு, அடியில 60 கிலோவுக்கு மேல கனக்குற பளிங்குக் கல்லு. அந்தக் கல்லுல நடுவுல ஒரு ஓட்டை. எதுக்குத் தெரியுமா? வெளக்கமாத்துக் கம்பை உள்ள விட்டு ரெண்டு பேரு தூக்கறதுக்கு! அதே வருசம் அதே அண்ணன் தம்பி கார் ஹெட்லைட்டு, தூண்டில்ல மாட்டுற வளையம் எல்லாத்தையும் சேத்து 'தோயோ'ன்னு இன்னொண்ணு பண்ணுனாங்க. இதைப் படிச்சதும் எனக்கு மதுரைப் பட்டறைகள்தான் ஞாபகம் வந்துச்சு. கையில கெடைச்ச சாமானை வச்சு வேலையை முடிக்கிற அந்தப் புத்தி இங்க தெருவுக்குத் தெரு இருக்கு.

ஒரு விளக்கு எந்த வருசத்ததுன்னு கண்டுபுடிக்க என்கிட்ட ஒரு வழி இருக்கு. கறுப்பு வெள்ளைப் படம் பாக்குறது. 'அந்த நாள்' (1954, பாட்டே இல்லாத படம்) மாதிரிப் படங்களைப் போட்டு, வசனத்தை விட்டுட்டு, சோஃபா பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாக்குறது. எந்தக் கால வீட்டுல எந்த மாதிரி தொப்பி, எந்த மாதிரி காலுன்னு கண்ணு பழகிரும். வீட்டுல மத்தவங்களுக்கு இது பெரிய இம்சை. சிவாஜி பேசிக்கிட்டிருக்கும்போது 'அந்த மூலையில நிறுத்து'ன்னு கத்துனா யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்த எடைக்குப் போடுற விசயத்துக்கு ஒரு பெரிய உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு. சண்டிகர். லெ கார்பூசியே நகரத்தைக் கட்டும்போது, அவரோட சித்தப்பா பையன் முறையில வர்ற பியர் ஜான்னரே அங்கேயே தங்கி ஆபீஸ், காலேஜ், கோர்ட்டுக்கெல்லாம் நாற்காலி, மேசையில இருந்து எல்லாம் வடிவமைச்சாரு. (கார்பூசியே அந்தக் காலத்துல சிமெண்டுலயே தரை விளக்கு பண்ணியிருக்காரு. பக்ரா அணைக்கும் சுக்னா ஏரிக்கும்னு போட்டது.) ரொம்ப வருசம் கழிச்சு அந்த நாற்காலிங்க மொட்டைமாடியில மழையில கெடந்துச்சு. கண்டம் பண்ணி ஏலம் விட்டாங்க. பிரான்சுல இருந்து வியாபாரிங்க வந்து லாரி லாரியா அள்ளிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் அதே நாற்காலி ஐரோப்பாவுல லட்சக்கணக்குல ஏலம் போனதும்தான் எல்லாரும் முழிச்சாங்க. 2011-ல உள்துறை அமைச்சகம் அதையெல்லாம் விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு.

நம்ம பக்கத்து மில்லு, காலேஜ், ஆஸ்பத்திரி, ஆபீஸ்ல எத்தனை விளக்கு கண்டம்னு எழுதி ஸ்டோர் ரூம் மூலையில கெடக்குன்னு நெனைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. எல்லாமே லட்ச ரூபாய்க்குப் போகும்னு நான் சொல்லல. போகவும் வேணாம். எரிஞ்சா போதும்.

இத்தனைக்கும் ஒரு விளக்குக் கம்பத்தையே ஊருக்கு நடுவுல வச்சிருக்கிற ஊருங்க இது. கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை எடுத்து, அகழியை மூடி, மதுரையை வெளிய விரிய விட்டாரு. அதுக்கு நன்றியா ஊர்க்காரங்க 1847-ல நட்டதுதான் விளக்குத்தூண். துணி எடுக்கப் போற எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆட்டோ ஏறுவோம். ஒருத்தருக்கு நன்றி சொல்ல விளக்கு வைக்கணும்னு தோணுச்சு பாருங்க, அந்த மதுரைக்காரங்களை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

நடுவுல ஒரு வேண்டுகோள். பழைய குத்துவிளக்குல ஓட்டை போட்டு ஒயர் விட்டு டேபிள் லாம்ப் ஆக்குறதை நிறுத்துங்க. அது எண்ணெய்க்கும் திரிக்கும் வார்த்தது. அதோட அழகு அந்த வேலையில இருக்கு. கரண்டுக்குன்னு பொறந்த விளக்கு எத்தனையோ பரண்ல கெடக்கும்போது இதை ஏன் குத்தணும்?

அதனால பரண் ஏறுறவங்க, வீடு மாத்துறவங்க, தாத்தா சாமானைப் பிரிக்கிறவங்க, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி விளக்கைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. அடியில பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும், அது பக்கத்துல எழுத்து இருக்கும். ஹோல்டர் பித்தளையா, பிரவுன் கலர் பேக்லைட்டான்னு பாருங்க. பேக்லைட்டைக் கட்டை விரலால சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்தா ஒரு மருந்து வாடை வரும். பிளாஸ்டிக்ல அது வராது. தூக்கிப் பாருங்க, அடி கனமா இருக்கணும். புதுசா பழசு மாதிரி செய்யுறவன் மொதல்ல மிச்சம் புடிக்கிறது அடிக்கனத்துலதான்.

இப்ப என் வீட்டு ஹால்ல ஒரு ஸ்டாண்டு விளக்கு தலை இல்லாம நிக்குது. தேக்குக் கால் மூணு, பித்தளைக் கழுத்து. கழுத்துல இருக்கிறது பழைய இங்கிலீஷ் மரை, அரை இஞ்சு, இஞ்சுக்கு 26 சுத்து. கடையில கெடைக்கிற ஹோல்டர் எதுவும் அதுல ஏற மாட்டேங்குது. கழுத்தை வெட்டிட்டுப் புது மரை போட்டுரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நான் விடல. ஒரு பக்கம் பழைய மரை, மறுபக்கம் புது மரைன்னு பித்தளையில ஒரு புஷ் கடைஞ்சா ரெண்டும் ஒத்துப்போயிரும். லேத்துத் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். "திங்கக்கெழம வாங்கக்கா, கழுத்தையும் தூக்கிட்டு வாங்க"ன்னிருக்காரு. கிளிக்கூடுக்காரர்கிட்ட இந்தத் தடவை கொஞ்சம் அகலமான கூடு கேட்டிருக்கேன், கதவு இல்லாம.